பத்தாயத்துப் பவுனுக்கு என்ன விலை?

‘பாட்டி காலத்துப் பவுனை நகைக்கடையில் எடைக்குப் போட்டுவிடலாமா, அப்படியே வைத்திருந்தால் கூடுதல் விலை கிடைக்குமா?’ விவசாயக் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழும் நேரம் பெரும்பாலும் ஒன்றுதான். மோட்டாரில் காயில் எரிந்து போயிருக்கும், நாற்று பறிக்கும் பருவத்தில் நிற்கும், கையில் பணம் இருக்காது. அந்த அவசரத்தில் எடுக்கும் முடிவில் சில குடும்பங்கள் நல்ல பொருளை எடைக்குக் கொடுத்துவிடுகின்றன. வேறு சில குடும்பங்கள் சாதாரணக் காசைப் பெரும் புதையல் என்று நம்பிப் பல வருடம் பூட்டி வைத்துவிட்டு, வட்டிக்குக் கடன் வாங்குகின்றன. இரண்டுமே நஷ்டம்தான்.

தங்கத்தை நாம் ‘சவரன்’, ‘பவுன்’ என்று கணக்கிடுகிறோம். இரண்டு சொல்லும் இங்கிலாந்தின் தங்கக் காசிலிருந்து வந்தவை. இன்று ஒரு சவரன் என்றால் 8 கிராம். அசல் சவரன் காசின் எடை 7.98 கிராமும் சொச்சமும். குறுக்களவு 22 மில்லிமீட்டர். தரம் 22 காரட், அதாவது இன்றைய 916 முத்திரைக்கு உள்ள அதே தரம். அதில் சுத்தத் தங்கம் மட்டும் 7.32 கிராம். 1817 முதல் அச்சான இந்தக் காசு, 1899-ல் வந்த சட்டத்தின்படி இந்தியாவிலும் செல்லுபடியானது. ஒரு சவரனுக்கு 15 ரூபாய் என்பது அன்றைய கணக்கு. நிலம் வைத்திருந்த குடும்பங்களில் ராணி தலை, ராஜா தலை போட்ட பவுன்கள் சேர்ந்தது இப்படித்தான். சில பவுன்கள் காசுமாலையில் ஏறின, சில துணி முடிச்சில் தங்கின.

அப்படி ஒரு முடிச்சு, திருவாரூர் பக்கம் ஒரு வீட்டில் பாகப்பிரிவினையின்போது கிடைத்தது. அண்ணன், தம்பி, ஒரு தங்கை. பழைய பத்தாயத்தைப் பிரித்தபோது அடிப்பலகை இடுக்கில் துணியில் சுற்றிய ஆறு காசுகள் இருந்தன. குறுவைக்குத் தண்ணீர் இறைக்க வேண்டிய மோட்டார் அப்போது கடையில் கிடந்தது. அண்ணன் ஆறையும் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். நகைக்கடையில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பழைய காசு, அழுக்கு ஏறியிருக்கு, கழிவு போகும்” என்று சொல்லி எடையில் ஒரு பங்கைத் தள்ளி விலை சொன்னார்கள். அவருக்கு அதுவே போதுமென்று பட்டது. தங்கைதான் தடுத்தார். “அண்ணே, விக்கறதுக்கு நான் குறுக்க நிக்கல. ஆறும் ஒண்ணுபோல இல்லையே. எது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வித்தா என்ன?”

மன்னார்குடியில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் நாற்பது வருடமாகக் காசு சேர்ப்பவர். மூவரும் அவரிடம் போனார்கள். அவர் வைத்திருந்த கருவிகள் மூன்றுதான்: நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், கனம் பார்க்கும் காலிப்பர். காசுகளைப் பார்ப்பதற்கு முன்பே ஒன்று கேட்டார்: “யாராவது தேய்ச்சீங்களா?” தம்பி மனைவி இரண்டைப் புளி போட்டு விளக்கியிருந்தார். மற்ற நான்கையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தங்கம் துருப்பிடிக்காது. அதன் மேல் படிந்திருக்கும் மங்கல் அதைக் கெடுப்பதுமில்லை. புளி, பூந்திக்கொட்டை, செங்கல் தூள், பற்பசை என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் மயிரிழை போன்ற கீறல்கள் விழும். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும் காசு, லென்ஸுக்குக் கீழே உழுத வயலாகத் தெரியும். சேகரிப்பவர் அதைப் பார்த்த உடனே விலையைக் குறைப்பார். ஐம்பது வருடம் கைமாறித் தேய்ந்த காசைவிட, நேற்று பளபளப்பாக்கிய காசுக்கு மதிப்புக் குறைவு. காசை விளிம்பில் பிடிக்க வேண்டும், ஒன்றோடு ஒன்று உரசாமல் தனித்தனிக் காகித உறையில் வைக்க வேண்டும். அதற்கு மேல் எந்தப் பராமரிப்பும் வேண்டியதில்லை.

முதல் சோதனை, காசு அசல்தானா என்பது. எடை பார்த்தார், குறுக்களவு பார்த்தார். பிறகு ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்துத் தராசின் மேல் வைத்து, அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். மெல்லிய நூலில் காசைக் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுவதும் இறக்கினார். தராசு 0.46 கிராம் காட்டியது. 22 காரட் சவரன் என்றால் 0.45-லிருந்து 0.46 வரை காட்ட வேண்டும். இதே எடையுள்ள செம்புத் துண்டுக்கு மேலே தங்க முலாம் பூசியிருந்தால் 0.9 அளவுக்கு ஏறிவிடும், ஈயமாக இருந்தால் 0.7 வரும். விதைநெல்லை உப்புக் கரைசலில் போட்டுப் பதரைப் பிரிக்கும் விவசாயிக்கு இந்தச் சோதனையின் தத்துவம் புதிதில்லை. அங்கே கனம் குறைந்தது மிதக்கிறது, இங்கே கனம் குறைந்த உலோகம் அதிகத் தண்ணீரைத் தள்ளுகிறது.

ஆறில் ஐந்து சவரன்கள். ஐந்துமே தங்கம்தான். அப்படியானால் ஐந்துக்கும் ஒரே விலையா என்றால், இல்லை.

முதல் காசு 1911-ம் ஆண்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை. அடுத்த பக்கத்தில் குதிரை மேல் அமர்ந்த வீரன் டிராகனைக் கொல்லும் உருவம். அந்த ஆண்டு லண்டனில் மட்டும் சுமார் 3 கோடி சவரன் அச்சானது. நூறு வருடத்தைத் தாண்டிய காசு என்றாலும் உலகமெங்கும் தாராளமாகக் கிடைக்கிறது. ராஜாவின் புருவமும் மீசையும் கூர்மையாக இருந்ததால் நல்ல நிலை என்றார் ஆசிரியர். தங்க விலைக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான்.

இரண்டாவது 1909, ஏழாம் எட்வர்ட் தலை. எடை 7.92 கிராம். வீரனின் தலைக்கவசமும், முழங்காலும், குதிரையின் மார்பும் மழுங்கிப் போயிருந்தன. ஒரு காசில் மேடான இடங்கள்தான் முதலில் தேயும். தேய்மானத்தை அங்கேதான் பார்க்க வேண்டும். அந்தக் காலத்திலேயே 7.94 கிராமுக்குக் கொஞ்சம் கீழே இறங்கினால் சவரன் செல்லாத காசு. இது அந்த எல்லையைத் தாண்டித் தேய்ந்தது. எடைக்குப் போடலாம்.

மூன்றாவது 1872, இளவயது விக்டோரியா ராணி. பின்பக்கம் குதிரைக்குப் பதில் கேடய முத்திரை. பார்க்க மிக அழகு. ஆனால் மேல் விளிம்பில் பற்றவைத்த தடம் இருந்தது. எப்போதோ வளையம் வைத்துக் காசுமாலையில் கோத்து, பிறகு எடுத்திருக்கிறார்கள். பற்றுப் போட்ட சூடும், அதை அராவிய அடையாளமும் திரும்பப் போகாது. தங்கைக்கு அந்தக் காசின் மேல்தான் ஆசை இருந்தது. ஆசிரியர் தயங்கித்தான் சொன்னார்: “பத்த வைக்காம இருந்திருந்தா இதுக்கு வேற விலைம்மா.”

நான்காவது காசைப் பார்த்ததும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். 1917. ஆண்டுக்கு மேலே, குதிரை நிற்கும் தரைக்கோட்டின் நடுவில் எந்த எழுத்தும் இல்லை. சவரனில் அந்த இடத்தில் ஒரு சின்ன ஆங்கில எழுத்து இருந்தால், அது அச்சான ஊரைச் சொல்லும். ‘எஸ்’ சிட்னி, ‘எம்’ மெல்போர்ன், ‘பி’ பெர்த், ‘சி’ கனடாவின் ஒட்டாவா, ‘எஸ்.ஏ.’ தென்னாப்பிரிக்கா. எழுத்து இல்லையென்றால் லண்டன். (கேடயக் காசுகளில் இந்த எழுத்து கேடயத்துக்குக் கீழோ தலைக்குக் கீழோ இருக்கும்.) 1917-ல் லண்டனில் அச்சானவை சுமார் 10 லட்சம். முதல் உலகப் போர்ச் செலவுக்காக அவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போய் உருகிவிட்டது. அதனால் 1917 லண்டன் சவரன் மிக அரிது.

அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆசிரியர் லென்ஸை எடுக்கவேயில்லை. ஐந்து நிமிடம் கழித்து, “தங்கம் அசல், காசு நகல்” என்றார். எழுத்துகளின் ஓரம் சோப்பில் அச்சிட்டதுபோல் உருண்டிருந்தது. டிராகனின் இறக்கையில் இருக்க வேண்டிய நுண்ணிய கோடுகள் இல்லை. அதே பையிலிருந்த 1911 காசைப் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது மூவருக்குமே வித்தியாசம் தெரிந்தது. 1950, 60-களில் சவரன் காசுக்குத் தங்க விலையைவிடக் கூடுதல் விலை கிடைத்ததால், சரியான தங்கத்திலேயே போலி அச்சடித்தவர்கள் உண்டு. அரிதான ஆண்டு என்று பெயர் வாங்கிய 1917-க்குப் போலியும் அதிகம். எடையும் தண்ணீர்ச் சோதனையும் இதைக் கண்டுபிடிக்காது. கண்தான் கண்டுபிடிக்கும். அரிதான காசு என்று தெரிந்தால் சந்தோஷப்படும் முன் இரண்டு மடங்கு சந்தேகப்பட வேண்டும் என்பது சேகரிப்பவர்களின் வழக்கம்.

ஐந்தாவது 1918, ஐந்தாம் ஜார்ஜ். தரைக்கோட்டில் ‘ஐ’ என்ற எழுத்து. இந்தியா என்பதன் முதல் எழுத்து. பிரிட்டிஷ் ஆட்சியில் மும்பையில் சவரன் அச்சானது இந்த ஒரே ஆண்டில்தான், சுமார் 13 லட்சம். (2013 முதல் இந்தியாவில் அச்சாகும் புதிய சவரன்களிலும் ‘ஐ’ உண்டு. ஆகவே எழுத்தோடு ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.) 1917 லண்டன் காசைவிட இது கொஞ்சம்தான் கூடுதலாக அச்சானது. ஆனாலும் கையில் கிடைப்பது இது பல மடங்கு அதிகம். அச்சான கணக்கை வைத்து அரிதா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது என்பதற்கு இந்த இரண்டு காசும் நல்ல உதாரணம். விதைத்த கணக்கு வேறு, அறுத்த கணக்கு வேறு. எத்தனை பிழைத்தது என்பதுதான் கேள்வி. மும்பை சவரன் பெரும் அரிது இல்லையென்றாலும், இந்தியச் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குவது. தங்க விலைக்கு மேல் பேசி வாங்க முடியும்.

ஆறாவது சவரன் இல்லை. சுண்டைக்காய் அளவு, 3.4 கிராம். ஒரு பக்கம் சாமி உருவம், மறுபக்கம் புள்ளி புள்ளியாக, நடுவில் ஒரு நட்சத்திரம். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் வெளியிட்ட நட்சத்திர வராகன். 1818-ல் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாய் பொதுக் காசாகும் வரை வராகன், பணம், காசு என்றுதான் கணக்கு. ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம். கையால் அடித்த இந்தக் காசுகளை இயந்திரக் காசுபோல் எடைபோடக் கூடாது. உருவம் ஓரத்துக்கு நகர்ந்திருப்பதும் வட்டம் கோணலாக இருப்பதும் அடித்த விதம், குறை ஆகாது. உருவம் எவ்வளவு முழுசாக விழுந்திருக்கிறது, வெட்டு, துளை, பற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழமை என்பதும் தனியாக விலை தராது. கொங்கு நாட்டிலும் கேரளத்திலும் கிடைக்கும் மிளகு போன்ற வீரராயன் பணம், சவரனைவிடப் பழையது. எண்ணிக்கை மிகுதியாக இருப்பதால் அதன் விலை ஏறுவதில்லை.

மூவரும் அன்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். தேய்ந்த 1909, பற்றுப் போட்ட 1872, நகலான 1917 மூன்றையும் எடைக்குக் கொடுப்பது. அன்றைய 22 காரட் கிராம் விலையை எடையால் பெருக்கி எழுதி எடுத்துக்கொண்டு, வேறொரு கடையில் இயந்திரத்தில் தரம் பார்க்கச் சொல்லி விற்றார்கள். ‘அழுக்குக் கழிவு’ என்ற பேச்சே அங்கே வரவில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டி, உரத்துக்கும் மிச்சம் இருந்தது. மீதி மூன்றில் 1911 அண்ணனுக்கு, வராகன் தம்பிக்கு, மும்பை சவரன் தங்கைக்கு. விற்பதானால் அவசரமில்லாத நாளில், இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு விற்கலாம். நாணயச் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளில் இதற்கு வாய்ப்பு உண்டு. வாங்குபவர் பயன்படுத்தும் ‘பைன்’, ‘வெரி பைன்’, ‘அன்சர்குலேட்டட்’ போன்ற சொற்கள் தேய்மானத்தின் படிநிலைகள். 1-லிருந்து 70 வரை மதிப்பெண் போடும் முறையும் உண்டு. நூறு வருடம் தாண்டிய காசு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, தொல்பொருள் வியாபாரம் செய்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும்.

‘பழைய காசு இருந்தால் லட்சாதிபதி’ என்று செல்போனில் வரும் விளம்பரங்களை ஒதுக்கிவிட வேண்டும். கமிஷன், வரி என்று சொல்லி முன்பணம் கேட்பதுதான் அவர்களின் தொழில். இதைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று கிராமத்துக்குள் வருபவர்களும் இதே கூட்டம்தான். நிலத்தை அடமானம் வைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

இதுவரை சொன்னது வீட்டில், குடும்பச் சொத்தாக இருந்த காசுக்கு. ஏர் முனையிலோ, கிணறு தோண்டும்போதோ, வரப்பு வெட்டும்போதோ மண்ணுக்குள்ளிருந்து வரும் காசுக்குச் சட்டம் வேறு. தமிழ்நாட்டு மண்ணில் இது அபூர்வமில்லை. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த ஒரே புதையலில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் இருந்தன. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. எடை 1.716 கிலோ.

புதுக்கோட்டைக் காசுகளில் பெரும்பாலானவற்றில் ரோமப் பேரரசரின் தலை மேல் உளி வெட்டு இருக்கிறது. சந்தைக் கணக்கில் அது சேதம். வரலாற்றுக்கோ அந்த வெட்டுதான் செய்தி: இந்தக் காசு இங்கே வந்தபின், அதைக் காசாக ஓடவிடாமல் யாரோ வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள். ஏன் என்று அறிஞர்கள் இன்றும் பேசுகிறார்கள். 501-ம் ஒரே இடத்தில் கிடைத்தது என்று பதிவானதால்தான் அந்தப் பேச்சுக்கே இடம். கண்டெடுத்தவர்கள் ஆளுக்குப் பத்தாகப் பங்கிட்டு உருக்கியிருந்தால் தங்கம் மட்டும் மிஞ்சியிருக்கும். அதனால் மண்ணில் ஒரு பானை தென்பட்டால் காசுகளைக் கழுவக் கூடாது, பிரிக்கக் கூடாது. உடைந்த பானை ஓட்டையும் சேர்த்து வைக்க வேண்டும். தோண்டுவதையும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

1878-ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். கண்டெடுத்தவரின் பங்கும் அரசுக்குப் போய்விடும். இந்தப் பயத்தில்தான் பலர் இரவோடு இரவாக உருக்குகிறார்கள். சட்டத்தின் மறுபாதி அவர்களுக்குத் தெரிவதில்லை. உரிமை கோருபவர் யாராவது உண்டா என்று கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு நாள் குறித்து விசாரிப்பார். உரிமையாளர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதபோது இதுதான் கணக்கு. அரசு தனக்கு வேண்டுமென்று எடுத்துக்கொண்டாலும், உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்து உரியவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கூலிக்கு வெட்ட வந்தவர் கண்டெடுத்தால் பெரும்பங்கு அவருக்குத்தான் என்பதை நிலத்துக்காரர்கள் மனதில் வைப்பது நல்லது.

மனுவில் எழுத வேண்டியவை நான்குதான்: என்ன பொருள், எவ்வளவு இருக்கலாம், எந்தச் சர்வே எண்ணில் கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் தகவல் சொல்லி, தாசில்தார் வழியாகவோ நேரடியாகவோ கலெக்டருக்குக் கொடுத்து, நகலில் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். காசுகளை எண்ணி, இரண்டு சாட்சிகளை வைத்துப் படம் எடுத்துக்கொண்டால் பின்னால் எண்ணிக்கையில் தகராறு வராது. வீட்டுக் காசுக்கும் இதே பழக்கம் உதவும். ஒவ்வொரு உறையின் மேலும் ஆண்டு, எழுத்து, எடை, யாரிடமிருந்து வந்தது என்று பென்சிலால் எழுதி வைத்தால், அடுத்த தலைமுறை அவசரத்தில் நகைக்கடை வாசலில் நிற்கும்போது கையில் இருப்பது என்னவென்று அதற்குத் தெரிந்திருக்கும்.